மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்

வைரஸ் நோய்களுக்கான மருந்துச் சோதனைகளைப் பற்றி என்னிடம் வந்த கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வைரஸைக் கொன்ற மருந்து மனிதர்களிடம் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறது? ஒரு மருந்தையோ தடுப்பூசியையோ சரிபார்க்க எதற்கு இத்தனை ஆயிரம் பேர், இத்தனை வருஷம்? தெரிந்தவர் ஒருவரை மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள்; சேர்ந்தால் அவர் சோதனை எலி ஆகிவிடுவாரா?

மூன்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று வேடிக்கையாகச் சொல்வோம் இல்லையா? வைரஸ் நோய் ஆராய்ச்சியின் பெரிய தலைவலி அந்த வேடிக்கைக்குள் இருக்கிறது. பெரும்பாலான வைரஸ் நோய்களில் பெரும்பாலானவர்கள் தாமாகவே தேறிவிடுவார்கள். அதுவும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் டாக்டரிடம் போகிறோம். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம். அன்றைக்கு மாத்திரையோ ஊசியோ வெறும் சர்க்கரைத் தூளோ எதைக் கொடுத்தாலும், மூன்றாம் நாள் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். "நூறு பேருக்குக் கொடுத்தேன், தொண்ணூற்றெட்டு பேர் பிழைத்தார்கள்" என்று ஒரு மருத்துவர் மனசார நம்பிச் சொல்லலாம். அதில் பொய் எதுவும் இல்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. (வெறிநாய்க்கடி நோய் இதற்கு நேர் எதிர். அறிகுறி வந்தபின் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடுவதால், அங்கே ஒருவர் பிழைத்தாலே உலகச் செய்தி.)

முதலில் ஆய்வுக்கூடத்தைப் பார்ப்போம். பாக்டீரியாவுக்கென்று தனிச் செல்சுவர் இருக்கிறது. பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் அதைப் போய்த் தாக்கலாம். வைரஸுக்கு அப்படிச் சொந்தச் சொத்து அதிகம் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் இயந்திரங்களை வைத்தே தன்னை நகலெடுத்துக்கொள்கிறது. நம் செல்லை நோகடிக்காமல் அதை மட்டும் அடிக்க வேண்டும், அங்கேதான் சிரமம். ஆய்வுக்கூடத் தட்டில் இருக்கிற பல வைரஸ்களை சோப்புத் தண்ணீரும் கொல்லும்; அதற்காக அது மருந்தாகிவிடாது.

2020-இல் குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். இரண்டும் பழைய மலேரியா மருந்துகள். குளோரோகுயின் தட்டில் கொரோனா வைரஸை நன்றாகவே அடக்கியது. ஆனால் அந்தத் தட்டில் இருந்தவை வீரோ செல்கள், அதாவது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்தவை. வைரஸ் ஆய்வுக்கூடங்களில் உலகமெங்கும் புழங்குகிறவை. அந்தச் செல்லுக்குள் வைரஸ் ஒரு சிறு பையில் அடைபட்டு உள்ளே போகிறது. பைக்குள் அமிலம் ஏறினால்தான் உடைத்துக்கொண்டு வெளியே வர முடியும். குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைக்கும். வைரஸ் பைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிரமாதம். மனித நுரையீரல் செல்லின் மேற்பரப்பிலோ டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்றொரு நொதி இருக்கிறது. அது வைரஸின் கூர்முனைப் புரதத்தை வாசலிலேயே வெட்டி, கதவைத் திறந்து விட்டுவிடும். பையும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். நுரையீரல் செல்லில் சோதித்தபோது குளோரோகுயின் வைரஸைத் தடுக்கவில்லை. அந்த முடிவு வெளிவருவதற்குள் பல நாடுகளில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கோவிட் சிகிச்சைகளைச் சோதிக்க பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற சோதனையில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 27 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 25 சதவீதம். ஒரு பிரயோஜனமும் இல்லை. கோவிட்டுக்குப் பேசப்பட்ட இன்னொரு பழைய மருந்தான, புழுக்களுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினின் சிக்கல் வேறு. தட்டில் வைரஸை அடக்கிய அளவு, வழக்கமான மாத்திரையால் ரத்தத்தில் எட்டக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, மனிதர்களிடமே பார்த்துவிடலாம். மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் எண்ணிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதற்கு எனக்குத் தெரிந்து 1954-ஆம் வருஷத்துப் போலியோ சோதனையைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசியை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸ் தலைமையில் சோதித்தார்கள். மொத்தம் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள். இதில் ஒரு பகுதி வட்டாரங்களில், பெற்றோர் சம்மதித்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் பாதிப் பேருக்கு வெறும் உப்புக் கரைசலும் போட்டார்கள். குப்பியில் ஒட்டியிருந்தது வெறும் எண். ஊசி போட்டவருக்கும் தெரியாது, கையை நீட்டிய குழந்தைக்கும் தெரியாது, பிறகு காய்ச்சலோடு வந்த குழந்தையைப் பார்த்து இது போலியோவா இல்லையா என்று தீர்மானித்த மருத்துவருக்கும் தெரியாது. கடைசி ஆள் முக்கியம். லேசான போலியோவைச் சாதாரணக் காய்ச்சலிலிருந்து பிரித்துச் சொல்வதில் மருத்துவரின் அனுமானத்துக்கு இடம் உண்டு. குழந்தை தடுப்பூசி போட்டதென்று தெரிந்தால் அந்த அனுமானம் தன்னையறியாமல் சாய்ந்துவிடும்.

கணக்கு இப்படி வந்தது. லட்சம் குழந்தைகளுக்கு, தடுப்பூசி போட்டவர்களில் 28 பேருக்குப் போலியோ. உப்புக் கரைசல் போட்டவர்களில் 71 பேருக்கு. பெற்றோர் சம்மதிக்காததால் எதுவுமே போடாத குழந்தைகளில் 46 பேருக்கு.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உப்புக் கரைசலும் ஒன்றுமில்லை, ஊசி போடாததும் ஒன்றுமில்லை. பிறகு ஏன் 71, ஏன் 46? உப்புக் கரைசல் போலியோவை வரவழைக்கவில்லை. சம்மதித்த பெற்றோர் சராசரியாகக் கொஞ்சம் வசதியானவர்கள். வசதியான, சுத்தமான வீட்டுக் குழந்தைக்குப் போலியோ ஆபத்து அதிகம். நெரிசலான இடத்துக் குழந்தையை அந்த வைரஸ் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி பாக்கியிருக்கும்போதே தொட்டுவிடும். லேசாக வந்து போய், ஆயுள் முழுக்கக் காப்பு தந்துவிடும். சுத்தமான வீட்டுக் குழந்தை அந்த வைரஸை வெகு தாமதமாக, கவசம் எதுவும் இல்லாமல் சந்திக்கும். ஆக, போட்டவர்களையும் போட மறுத்தவர்களையும் ஒப்பிட்டிருந்தால் 46-க்கு 28, ஏதோ சுமாரான ஊசி என்று முடிவு கட்டியிருப்பார்கள். சம்மதித்தவர்களுக்குள்ளேயே குலுக்கிப் பிரித்ததால்தான் 71-க்கு 28 என்ற உண்மை தெரிந்தது. குலுக்கல் முறையின் வேலை இதுதான். வசதி, வயது, எதிர்ப்புச் சக்தி, நமக்குப் பெயர்கூடத் தெரியாத காரணங்கள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சமமாகத் தூவிவிடும்.

1955 ஏப்ரல் 12-ஆம் தேதி ஃபிரான்சிஸ் முடிவை அறிவித்தார். சில வாரங்களிலேயே கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுசாகச் செத்திருக்கவில்லை என்று தெரியவந்தது. சுமார் 200 பேருக்குக் கை கால் முடக்கம், 10 பேர் மரணம். சோதனையில் வென்ற பொருளும் தொழிற்சாலையிலிருந்து குப்பியில் வருகிற பொருளும் ஒன்றேதானா என்பது தனிக் கேள்வி. ஒவ்வொரு தொகுதியையும் தனியாகச் சோதிக்கும் கெடுபிடிக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. வைரஸ் நோயில் மருந்து எது என்பதைவிட எந்த நாளில் என்பது சில சமயம் பெரிய கேள்வி. ரெக்கவரி சோதனையை 2020 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தொடங்கினார்கள். அதன் அழகு அதன் எளிமை. ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிற நேரத்தில் மருத்துவரிடம் நாற்பது பக்கப் படிவத்தை நீட்டினால் நடக்காது என்று தெரிந்தே, சுருக்கமான ஒரு இணையப் படிவமாக வைத்தார்கள். நோயாளி சம்மதித்தபின் விவரங்களைத் தட்டினால், எந்தச் சிகிச்சை என்று கணினி சொல்லிவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டெக்சாமெதசோன் என்ற பழைய ஸ்டீராய்டு 2104 பேருக்குப் போனது; 4321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? வழக்கமான சிகிச்சையில் 14 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 17.8. அங்கே பலனும் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்ற சந்தேகமும் நிற்கிறது.

ஒரே மருந்து, ஒரே நோய், மூன்று பதில். காரணம் புரியாததல்ல. முதல் வாரத்தில் எதிரி வைரஸ். அப்போது ஸ்டீராய்டு கொடுப்பது நம் காவலாளியின் கையைக் கட்டுவது போல. இரண்டாம் வாரத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் எதிர்ப்புச் சக்தியின் வெறி. அப்போது கட்டத்தான் வேண்டும். "ஸ்டீராய்டு கோவிட்டுக்கு நல்லதாமே" என்று காய்ச்சல் வந்த அன்றே வாங்கிச் சாப்பிட்டவர்கள் பாதிச் செய்தியை மட்டும் படித்தவர்கள்.

வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்துகளுக்குக் கடிகாரம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. கோவிட்டுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம், அதுவும் மூன்று நாளுக்குள் தொடங்கியவர்களிடம், ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் மரணத்தையும் 89 சதவீதம் குறைத்தது. ஆபத்து குறைந்தவர்களிடமும் தடுப்பூசி போட்டவர்களிடமும் செய்த இன்னொரு சோதனையில், அறிகுறிகள் சீக்கிரம் போகவில்லை. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் கதையும் இதே ரகம். சோதனைகளையெல்லாம் ஒன்று சேர்த்து 2014-இல் காக்ரேன் குழு போட்ட கணக்கில், பெரியவர்களுக்கு 7 நாள் நோய் 6.3 நாளாகிறது. ஆக, நம் வேடிக்கைப் பேச்சு அவ்வளவு வேடிக்கையில்லை.

இடைக்கால முடிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மோல்னுபிராவிர் என்ற இன்னொரு கோவிட் மாத்திரை, ஆஸ்பத்திரிச் சேர்க்கை அல்லது மரணத்தின் ஆபத்தைச் சுமார் பாதியாகக் குறைப்பதாக 2021-இல் பாதிவழியில் அறிவித்தார்கள். எல்லோருடைய தகவலும் சேர்ந்தபின் அது 30 சதவீதம் ஆனது. யாரும் ஏமாற்றவில்லை. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அதிர்ஷ்டம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். "நிபுணர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்" என்ற புகாரில் பாதி இந்த வகையைச் சேர்ந்தது.

அப்புறம் மனித சுபாவம். எச்ஐவி வராமல் தடுக்க தினம் ஒரு மாத்திரை என்ற யோசனை 2010-இல் ஐபிரெக்ஸ் சோதனையில் வேலை செய்தது. தொற்று 44 சதவீதம் குறைந்தது. அதே மாத்திரையை ஆப்பிரிக்கப் பெண்களிடம் ஃபெம்-பிரெப் என்ற சோதனையில் பார்த்தார்கள். மருந்துக் குழுவில் 33 தொற்று, போலி மாத்திரைக் குழுவில் 35. சோதனை நிறுத்தப்பட்டது. பெண்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்று அர்த்தமா? பெண்களைக் கேட்டால், 95 சதவீத நேரம் தவறாமல் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். திருப்பிக் கொண்டுவந்த டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினால், 88 சதவீதம் சாப்பிட்ட கணக்கு வந்தது. ரத்தத்தை எடுத்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தபோது, தொற்று வராத பெண்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே சமீபத்தில் சாப்பிட்ட தடயம் இருந்தது. மீதி மாத்திரைகள் டப்பாவிலிருந்து எங்கேயோ போயிருக்கின்றன, வயிற்றுக்கு மட்டும் போகவில்லை.

இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த நோயும் இல்லாத ஒருவர், எச்ஐவி மாத்திரை டப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு, தினம் விழுங்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். லெனகாபவிர் என்ற ஊசியை வருஷத்துக்கு இரண்டு முறை தோலுக்கடியில் போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது: ஊசி போட்ட 2134 பெண்களில் தொற்று வந்தவர்கள் பூஜ்யம். தினசரி மாத்திரை கொடுத்த 1068 பேரில் 16 பேருக்குத் தொற்று. அமெரிக்க அரசின் மருந்து அமைப்பு 2025-இல் அனுமதி கொடுத்தது.

தடுப்பூசிக்கு ஏன் பல்லாயிரம் பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். ஃபைசரின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் சுமார் 43,000 பேர். ஆனால் "95 சதவீதம்" என்ற எண் வந்தது 170 பேரிடமிருந்து: போலி ஊசிக் குழுவில் 162 நோயாளிகள், தடுப்பூசிக் குழுவில் 8. மற்றவர்களுக்கு அந்தச் சில மாதங்களில் நோய் வரவே இல்லை. தடுப்பூசி ஆரோக்கியமானவர்களுக்குப் போடுவது. அவர்களில் சிலருக்கு நோய் வந்தால்தான் எண்ணவே முடியும். அந்தச் சிலருக்காகப் பல்லாயிரம் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கோவிட் தடுப்பூசி சீக்கிரம் வந்ததற்கு ஒரு காரணம், கசப்பானதுதான்: நோய் எங்கும் பரவிக்கிடந்ததால் எண்ணிக்கை வேகமாகச் சேர்ந்தது.

அரிதான கெடுதலைப் பிடிக்க இன்னும் அதிகம் பேர் வேண்டும். ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டாஷீல்டு 1998-இல் அனுமதி பெற்று, 1999-லேயே விலக்கப்பட்டது. சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. அதற்குப் பின் வந்த இரண்டு ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்துகளையும் தலா 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்தபிறகே வெளியே விட்டார்கள்.

தடுப்பூசியே நோயை மோசமாக்கும் சாத்தியமும் உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு 1960-களில் ஃபார்மலினால் கொன்ற தடுப்பூசி செய்தார்கள். போட்ட குழந்தைகளுக்குப் பிறகு இயற்கையாக ஆர்எஸ்வி வந்தபோது, ஒரு சோதனையில் பத்தில் எட்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த அடியில் இந்தத் துறை பல பத்தாண்டுகள் தேங்கியது. வைரஸ் செல்லோடு இணைந்து கலப்பதற்கு முன்பு அதன் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்று 2013-இல் படம் பிடித்தபிறகு வழி திறந்தது. 2023-இல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆர்எஸ்வி தடுப்பூசிகள் அனுமதி பெற்றன.

டெங்கு தடுப்பூசி டெங்வாக்சியாவில் நடந்தது இதைவிட நுணுக்கமானது. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு அது காப்பு. ஒருமுறைகூட வராதவருக்கோ அந்த ஊசியே முதல் தொற்று போல அமைந்து, அடுத்து வரும் உண்மையான டெங்குவைக் கடுமையாக்கும் அபாயம் இருந்தது. சோதனையில் பெரும்பாலான குழந்தைகளிடம் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து வைக்கவில்லை. அதனால் யாருக்கு முன்பே டெங்கு வந்திருந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் போட்டபிறகு, 2017 நவம்பரில் தயாரிப்பாளரே இதை அறிவித்தார். மக்கள் நம்பிக்கை சரிந்தது, டெங்குவோடு தொடர்பே இல்லாத தடுப்பூசிகள் மீதும்.

இப்போது மூன்றாவது கேள்வி, தெரிந்தவர் சேரலாமா என்பது. பலருடைய பயம் போலி மருந்து பற்றியது: "எனக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்துச் சாக விட்டுவிடுவார்களா?" பலன் நிரூபணமான சிகிச்சை ஒன்று இருக்கும் இடத்தில், ஆபத்தான நோய்க்கு அதை நிறுத்திவிட்டுப் போலி மருந்து கொடுப்பது நெறிமுறைப்படி கூடாது. மேலே சொன்ன லெனகாபவிர் சோதனையில் போலி மருந்துக் குழு கிடையாது. மற்றவர்களுக்கு மாத்திரை கிடைத்தது. காங்கோவில் 2018-இல் தொடங்கிய எபோலா சோதனையில் நான்கு மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். 2019 ஆகஸ்டில், முடிவுகளைத் திறந்து பார்க்கும் உரிமையுள்ள தனிக்குழு, இரண்டு மருந்துகள் தெளிவாக முந்துகின்றன என்று கண்டதும் மற்ற இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. முந்திய இரண்டில் மரணம் 33.5, 35.1 சதவீதம்; மற்றவற்றில் ஏறக்குறைய 50. கினியாவில் 2015-இல் எபோலா தடுப்பூசியைச் சோதித்தபோது யாருக்கும் போலி ஊசி இல்லை. நோயாளியைச் சுற்றியிருந்தவர்களில் சில வட்டங்களுக்கு உடனே, சில வட்டங்களுக்கு 21 நாள் கழித்து. உடனே போட்டவர்களில் பத்து நாளுக்குப்பின் ஒருவருக்கும் எபோலா வரவில்லை.

அதனால் சோதனை எலி என்ற சொல் பொருந்தாது; எலியை யாரும் கேட்பதில்லை. அவரிடம் சம்மதப் படிவம் கொடுப்பார்கள். அதை அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கச் சொல்லுங்கள். மற்றக் குழுவுக்கு என்ன கிடைக்கும்? இதே மருந்தை இதற்குமுன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ராத்திரி இரண்டு மணிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எந்த எண்ணில் யார் எடுப்பார்? சோதனை முடிந்தபின் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவருக்குத் தொடர்ந்து கிடைக்குமா? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம். சேர்ந்தபிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மாத்திரையைச் சில நாள் விட்டுவிட்டால் விட்டுவிட்டேன் என்றே சொல்லச் சொல்லுங்கள்.